ஜி.பி.எஸ். மேல் ஒரு துண்டு

மணமேல்குடியில் வலை இழுக்க ஆள் குறைந்த ஒரு காலையில் ஒரு மீனவரின் படகில் ஏறினேன். உப்புக்காற்றில் சிவந்த கண்கள், அதிகம் பேசாத மனிதர். இலங்கை எல்லை நெருங்கியதும் ஜி.பி.எஸ். கருவி கத்தத் தொடங்கியது. அவர் தோளில் கிடந்த ஈரத்துண்டால் அதை மூடினார்.

“ஏண்ணே மூடுறீங்க?”

“மேல சாட்டிலைட்டு நம்மளையே பாத்துக்கிட்டிருக்குப்பா. காட்டிக் குடுத்துரும்.”

“அது நம்மளப் பாக்காதுண்ணே. அது சிக்னல் மட்டுந்தான் அனுப்பும். அதை வச்சு இந்தப் பொட்டிதான் நம்ம எடத்தைக் கணக்குப் போடுது.”

சுக்கானில் அவர் கை அப்படியே நின்றது.

“அப்ப நாம காணாமப் போனாலும் அதுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று தலையாட்டினேன். அவர் துண்டை உருவிக்கொண்டு படகைக் கரைப்பக்கம் திருப்பினார். கரை சேரும்வரை அண்ணாந்து பார்த்தபடியே வந்தார்.

இப்போதெல்லாம் போனில் வழி தேடும்போது நானும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுகிறேன்.