ஒரே துளையில் இரண்டு ஊசி

திமிரியைத் தாண்டி எங்கள் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. சாலையோரக் கடலைக் கொல்லையில், வீட்டு வாசலில் எஸ்தர் என்பவர் லுங்கித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கிறார். மகள் ஜெனி இன்று வேலூருக்கு, நர்சிங் விடுதிக்குப் புறப்படுகிறாள். இந்தப் போர்வை அவளுடன் போக வேண்டும். ஒரு நூல், இரு முனையிலும் ஊசி. ஒரே துளைக்குள் இரண்டும் எதிரெதிராக நுழைந்து வெளியேறுகின்றன. ஷூ கம்பெனியில் தோலுக்குக் கற்ற தையல் என்கிறார்.

கடைசி முடிச்சைப் போடும்போது கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் வந்துவிடுகிறது.

"பாத்துக்கோங்க சார்" என்று போர்வையை என் பக்கத்தில் வைத்துவிட்டு மடை திருப்ப ஓடுகிறார்.

நான் ஓடும் தண்ணீரைப் பார்த்து நிற்க, வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு வந்து போர்வையைக் கவ்விவிடுகிறது. பிடுங்குவதற்குள் இணைப்பில் நூலைக் கடித்து அறுத்துவிட்டது.

ஜெனி வீட்டிலிருந்து வெளியே வருகிறாள். "இன்னாம்மா இது? ஆடு தின்னத எடுத்துனு போணுமா நானு?"

"ஒரு பக்கத்து நூலுதான்டி போயிருக்கும், மறுபக்கத்து நூலு புடிச்சுனு இருக்கும். இழுத்துப் பாரு" என்கிறார் மடையிலிருந்தே எஸ்தர்.

அவள் ஒரு முனையைக் காலால் மிதித்து மறுமுனையை இழுக்கிறாள். நானும் சேர்ந்து இழுக்கிறேன். துணி முறுக்கேறுகிறது, அறுந்த இடத்தில்கூட ஒரு தையலும் விலகவில்லை. நம்ப முடியாமல் விரலால் தடவிப் பார்க்கிறேன்.

ஜெனி விடுதிக்குக் கட்டி வைத்த பையைத் திறந்து, கடையில் வாங்கிய கம்பளியை எடுத்து வெளியே வைக்கிறாள்.