மாமி இழுத்துக்கொண்ட கால்

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். "அம்மம்மா, ஒரு பக்கம் நிண்டு கதையுங்கோ" என்கிறாள். அது எனக்கு எப்போது வந்தது?

குருத்தோலை ஞாயிறு பின்னேரம் உபதேசியார் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கோயிலில் சுவாமிக்கு, அதுதான் பாதிரியாருக்கு, உதவியாக எல்லாவற்றுக்கும் ஓடித் திரிகிறவர் அவர்தான்.

"அக்கா, பெரிய வியாழன் கால் கழுவுறதுக்கு உங்களையும் சுவாமி சொல்லிப்போட்டார். பன்ரெண்டு பேரில இந்தமுறை மூண்டு பொம்பிளையள்."

"என்ர காலையோ? அதைக் கண்டால் சுவாமி பூசையை விட்டிட்டு ஓடப்போறார்!"

இயேசு சாகிறதுக்கு முதல்நாள் சீடர்களின் காலைக் கழுவினாரே, அதை நினைத்து வருசா வருசம் சுவாமியார் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவுவார். நான் பின்வரிசை வாங்கில் இருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. இப்போது நானே முன்கதிரையில். சிரித்துக்கொண்டே முன்னறையைத் திரும்பிப் பார்த்தேன். மாமி அங்கே கட்டிலில் கிடந்தா. அவவின் காதில் விழவேண்டுமே என்றுதான் அவ்வளவு பலமாகச் சிரித்தேன்.

மாமி என்றால் என் புருசனின் தாய். புருசன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், தாயை எனக்கு விட்டுவிட்டு. நான் குடாவுக்கு அங்காலே கட்டைபறிச்சானில், சைவக் குடும்பத்தில் பிறந்தவள். ஞானஸ்நானம் எடுத்துத்தான் இந்த ஓர்ஸ் ஹில் வீட்டுக்கு வந்தேன். ஆனால் யார் வந்தாலும் மாமி ஒரே கதைதான்: "மகன் கொண்டு வந்தது. சைவம்." நான் தேத்தண்ணீரை நீட்டியபடி நிற்பேன். "தலையில தண்ணி பட்டால் வேதமாயிடுமோ?" என்று ஒருநாள் என் முகத்துக்கு நேரேயே கேட்டா. எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். வாசிக்கத் தெரியாததால் செபமாலை, பிரார்த்தனை எல்லாம் காதால் கேட்டே பாடமாக்கினேன். இப்போது கோயிலில் புத்தகம் பிடித்திருக்கிறவர்கள் தடுமாறினால் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். மாமிக்கு அதுவும் போதாது. அவவின் வாயால் ஒருக்கால், ஒரே ஒருக்கால், "இவளும் எங்கட வேதப்பிள்ளைதான்" என்று கேட்டுவிட வேண்டும் என்று எத்தனை வருசம் காத்திருந்தேன்!

அதனால் காலை ஆயத்தப்படுத்தினேன். மூன்று நாள் உப்புப் போட்ட சுடுதண்ணீரில் ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் உரஞ்சி, வெடிப்புக்கு எண்ணெய் பூசினேன். பேத்தி நகம் வெட்டிவிட்டாள். புதுச் செருப்பும் வாங்கித் தந்தாள், அது சின்னவிரலைக் கடித்தது வேறு கதை. எல்லாரும் அப்படித்தான். ஊத்தைக் காலோடு சுவாமிக்கு முன்னால் யார் போய் இருப்பார்கள்? பெரிய வியாழன் எங்கள் கோயிலில் கழுவுகிற கால் எல்லாம் சவுக்காரம் மணக்கும்.

வியாழன் பின்னேரம் சேலை உடுத்தித் தலையை வாரிக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து சத்தம் வந்தது.

"பிள்ளை, கால் எரியுது. கொஞ்சம் கழுவி விடன்."

மாமிக்கு ரத்தத்தில் சீனி கூடின வருத்தம், கால் வீங்கிக் கிடந்தது.

"மாமி, நேரம் போட்டுது. வந்து கழுவுறன்."

"ஒருக்காத் தண்ணி ஊத்தினால் காணும்."

"சேலை நனைஞ்சிடும் மாமி. வந்து செய்யிறன்."

மாமியைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் சொல்லிவிட்டு ஓடினேன். கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்த முஸ்லிம் பிள்ளை அவள்.

கோயிலில் சுவாமியார் முழங்காலில் இருந்து என் காலில் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிட்டார். நான் அழுதேன். எப்படி அழாமல் இருப்பது? என்னைப் பெற்ற அப்பன்கூட அந்தக் காலைத் தொட்டதில்லை. பேத்தி போனில் படம் எடுத்தாள்.

படத்தைத் தூக்கிக்கொண்டு நேரே முன்னறைக்குத்தான் போனேன். தங்கச்சி வெறுந்தரையில் குந்தியிருந்து மாமியின் விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குசினிப் பேசின், அதில் கலங்கிய தண்ணீர்.

"உம்மாக்கு ஏலாமப் பெய்த்து அக்கா. அதான் கழுவி உட்டேன். கோவிக்காதீங்க."

"ஏன் கோவிக்கிறன்? பாருங்கோ மாமி, சுவாமி என்ர காலைக் கழுவுறார்."

மாமி படத்தைப் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்தா.

"நல்ல வெள்ளையா இருக்கு," என்றா. "என்ர காலை இவ கழுவிப்போட்டா."

"நாளைக்கு நான் கழுவுறன் மாமி."

"வேண்டாம்."

இரவு படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மாமி என்னைப் "பிள்ளை" என்று கூப்பிட்டிருக்கிறா. அதுவரை "இஞ்ச", "எடி", கோபம் வந்தால் "சைவம்". நான் காத்திருந்த சொல்லில் பாதி அது. எனக்குக் கேட்கவில்லை, சேலை மடிப்பில் கண்ணாயிருந்தேன்.

அடுத்த நாள் பெரிய வெள்ளி. காலமை பேசினோடு போனேன். மாமி காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டா. மறுநாளும் அப்படித்தான். சோறு என் கையால் சாப்பிட்டா, மருந்து குடித்தா, கால் மட்டும் இல்லை. பின்னேரம் தங்கச்சி வந்தால் காலை நீட்டுவா. நான் குசினியில் நின்று தண்ணீர்ச் சத்தம் கேட்பேன்.

மாமியின் காலைக் கழுவாமல் ஓடினதைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னேன். சுவாமியார், "அது பாவமில்லை அம்மா, கோயிலுக்குத்தானே வந்தனீங்கள்" என்றார். படித்தவர், அவருக்குத் தெரியும் என்று வந்துவிட்டேன். மனம் ஆறவில்லை. கண்டித்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, அந்தோனியார் திருநாளுக்குக் கொடியேறிய கிழமை, மாமி செத்துப்போனா. குளிப்பாட்ட வந்த பெண்களில் ஒருத்தி, "அக்கா, நீங்கள் தலைமாட்டுக்கு வாங்கோ, மருமகளெல்லே" என்றாள்.

"எனக்குக் கால்மாடு போதும்," என்றேன்.

தரையில் குந்தினேன். சேலை நனைந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தால் கால் சுத்தமாக இருந்தது. முதல்நாள் பின்னேரம்தான் தங்கச்சி கழுவியிருந்தாள். ஊத்தை ஒரு பொட்டும் இல்லை.

நான் சவுக்காரம் போட்டு இன்னொருமுறை கழுவினேன். மாமி இழுத்துக்கொள்ளவில்லை.