புளி போட்டுத் தேய்த்த வடிகட்டி

போன மாதம் ஒரு சனிக்கிழமை கோயில் கொட்டகையில் இருந்தவர்கள்: தலைவர் முனியாண்டி அண்ணன், பதினொரு வீடுகளிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர், ஏழு மாத வயிற்றோடு பிளாஸ்டிக் நாற்காலியில் கவிதா, அப்புறம் நான்.

வராதவர் ஒருவர்தான். கவிதாவின் அம்மா, சுமதி அக்கா.

அவர் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

தாசேக் கெலுகோர் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்ச் செம்பனை போட்ட பழைய தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருக்கின்றன அந்த வீடுகள். அரசாங்கத் தண்ணீர்க் குழாய் பெரிய சாலையோடு நின்றுவிட்டது. நில விவகாரம் தீராமல் உள்ளே வராது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஆழ்துளைக் கிணறுதான் எல்லாருக்கும் குடிநீர். அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்தது.

நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. ஒரே நாளில் ஆளைச் சாய்க்கிற அளவும் இல்லை. வருடக்கணக்கில் குடித்த பிறகுதான் தோலில், நரம்பில், உள்ளுறுப்புகளில் தன் வேலையைக் காட்டும். வயிற்றில் பிள்ளை இருந்தால் பயம் இன்னும் அதிகம்.

நான் எதிரே இருக்கும் தீவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வது வாராவாரம் இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். நானோ அளவில் இரும்பு ஆக்சைடு செய்து, அதை மணலில் பூசுவது எங்கள் வேலை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்... துருவின் நெருங்கிய சொந்தம்தான். துகள் அவ்வளவு பொடியாக இருப்பதால், ஒரு தேக்கரண்டித் துகளின் மேற்பரப்பை எல்லாம் விரித்தால் சில பூப்பந்துக் களங்களை மூடிவிடலாம். அத்தனை இடத்திலும் ஆர்செனிக் போய் ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீர் கீழே இறங்கும்.

அந்த மணலை ஆளுயரக் குழாயில் நிரப்பி, வடிகட்டியாகக் கிணற்றடியில் பொருத்தியவன் நான். மாதம் ஒருமுறை சோதனைத் தாளோடு போவேன்; ஆர்செனிக் இருந்தால் அது நிறம் மாறும். ஆறு மாதமும் தாள் வெள்ளையாகவே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை மஞ்சளானது. பிறகு பழுப்பானது.

குழாயின் மூடியைத் திறந்தேன். துருப் பழுப்பாக இருக்க வேண்டிய மணல் உள்ளே வெள்ளை வெளேரென்று கிடந்தது.

திருவிழா நெருங்கினால் குத்துவிளக்கு, தாம்பாளம், மணி என்று கோயில் சாமான் எல்லாவற்றையும் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பது அங்கே பெண்களின் வழக்கம். இந்த முறை வடிகட்டியும் அதில் சேர்ந்துவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரே துரு! சுமதி அக்கா மணலை அண்டாவில் கொட்டி, புளி கரைத்து ஊற்றி, பழுப்பு போகும்வரை அலசி, மறுபடி நிரப்பியிருக்கிறார். புளியின் அமிலம் எங்கள் பூச்சைக் கரைத்துவிட்டது. பன்னிரண்டு நாள் எல்லாரும் வெறும் மணலில் வடிந்த தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள்.

"அந்தப் பைப்ப கழட்டிப் போடுங்க லா. முன்ன குடிச்ச தண்ணியே போதும்" என்றார் கொட்டகையில் ஒருவர்.

"முன்ன குடிச்சதுலயும் அதான்யா இருந்துச்சு" என்றார் முனியாண்டி அண்ணன்.

"அப்ப நமக்குத் தெரியாதுல்ல!"

சிலர் சிரித்தார்கள். கவிதா சிரிக்கவில்லை.

"அண்ணே, புள்ளைக்கு ஒன்னும் ஆவாதில்ல?"

"டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? எனக்கே தெரியாது.

அங்கிருந்து நேராக சுமதி அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்பில் கெட்டில் ஏறியிருந்தது. அக்கா அழுது முடித்த முகத்தோடு நின்றார்.

"நீதான தம்பி சொன்ன... அந்த நானோவோ என்னவோ, கண்ணுக்கே தெரியாதுன்னு. இது நல்லா தெரிஞ்சுச்சே. துருவா, பழுப்பா. அழுக்குன்னு நெனச்சிட்டேன்."

அவர் சொன்னதில் என்ன தப்பு? வடிகட்டியைப் பொருத்திய தொடக்க நாளில் மைக்கைப் பிடித்து, திரையில் படம் காட்டி, நான் அப்படித்தான் பேசினேன். தனியாக ஒரு துகள் தெரியாது, கோடிக்கணக்கில் சேர்ந்தால் பழுப்பாகத் தெரியும், அந்தப் பழுப்புதான் மருந்து — இதைச் சொல்லவே இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் அம்மாவும் பித்தளையைப் புளி போட்டுத்தான் தேய்ப்பார். அம்மாவிடம் பேசுவது போல் அன்று பேசியிருந்தால், யாராவது ஒருவர் கேட்டிருப்பார்கள்: "இதைக் கழுவணுமா தம்பி?"

"கழுவின தண்ணிய எங்கக்கா ஊத்துனீங்க?"

"லோங்காங் சாக்கடை அடைச்சிக்கும்னு செரைப் புல்லுக்கு ஊத்துனேன்."

ஆறு மாதம் மணல் பிடித்துவைத்த ஆர்செனிக் எல்லாம் அங்கேதான் இறங்கியிருந்தது. மறுநாள் அந்த மண்ணை எலுமிச்சைப் புல்லோடு தோண்டி, மூட்டை கட்டி, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

அது மறுநாள். அன்று நான் கிளம்பும்போது அக்கா இன்னொன்று சொன்னார்.

"ஆனா தம்பி, கவிதாவுக்குப் பச்சத் தண்ணி குடுக்கல. ரெண்டு தடவ நல்லா கொதிக்க வெச்சுத்தான் குடுத்தேன்."

தன்னையே தேற்றிக்கொள்ள அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கொதித்தால் கிருமி சாகும். ஆர்செனிக் எங்கேயும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும்.

சொல்வதா, விடுவதா? நான் சொல்லாமல் விட்டதில்தானே இவ்வளவும் வந்தது...

சொன்னேன்.

அக்கா கையை நீட்டி அடுப்பை அணைத்தார்.

கவிதாவைச் செபராங் ஜெயாவில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்துக்கு அழைத்துப் போனோம். நாலு நாள் மீன், இறால் தொடக் கூடாது என்றார்கள். கடல் உணவில் இருக்கிற வேறுவகை ஆர்செனிக் கணக்கைக் குழப்பிவிடுமாம். அந்த நாலு நாளும் சுமதி அக்கா வீட்டில் யாருமே மீன் வாங்கவில்லை. ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. பயப்படும்படி இல்லை, இருந்தாலும் மாதாமாதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

புதிய மணல் தயாராக மூன்று வாரம் ஆனது. அதைப் போட்ட அன்று சுமதி அக்கா வந்திருந்தார், எல்லாருக்கும் பின்னால். மூடிக்குப் பூட்டு போட்டோம். சாவி யாரிடம் என்ற பேச்சு வந்ததும் கவிதா முந்திக்கொண்டாள்: "அம்மாகிட்ட குடுங்க. இனி அவங்க ஒருத்தரையும் கிட்ட விட மாட்டாங்க."

பலகையில் என்ன எழுதுவது என்று அக்காவைத்தான் கேட்டேன். அவர் சொன்னபடியே எழுதினோம்: 'இந்தப் பழுப்பு அழுக்கு இல்லை. கழுவாதீங்க.'

செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். முனியாண்டி அண்ணன் விடவில்லை.

"யுனிவர்சிட்டிக்கு நீ பீஸ் கட்டியிருப்பே. இந்தப் பாடத்துக்கு நாங்க கட்டிக்கிறோம், போ தம்பி."

பதினொரு வீட்டுக்கும் மூன்று வாரத்துக்குப் போத்தல் தண்ணீர், கவிதாவின் பரிசோதனை, பூட்டு, பலகை. எல்லாம் திருவிழாவுக்குச் சேர்த்த பணத்திலிருந்து — எண்ணூற்று நாற்பது வெள்ளி.