பாதியில் பாதி

கணக்கு டீச்சர் சாக்பீஸைத் தொடுவதற்கு முன் வாசலைப் பார்ப்பார். பிறகு ஜன்னலைப் பார்ப்பார். இரண்டு இடத்திலும் யாரும் இல்லையென்றால் கைப்பையிலிருந்து ஒரு வட்ட அட்டையை எடுத்து, திருட்டுச் சாமான் விற்கிறவர் போலக் குரலைத் தாழ்த்தி, "சீக்கிரம் சீக்கிரம், எல்லாரும் இங்க பாருங்க" என்பார். அட்டையை இரண்டாக மடிப்பார். "இது என்ன?" என்றால், "பாதி!" என்று வகுப்பே கூரை பறக்கக் கத்தும். "அப்ப பாதியில பாதி என்ன?" என்று அவர் கேட்பதற்கும், வாசலில் ப்யூன் அண்ணனின் தலை தெரிவதற்கும் சரியாக இருக்கும்.

"டீச்சர், பெரிய சார் உடனே வரச் சொன்னாரு."

அட்டை மறுபடியும் கைப்பைக்குள் போய்விடும்.

எங்கள் அரசுப் பள்ளியில் அவருடைய ஐந்தாம் வகுப்புக்கும் என்னுடைய நான்காம் வகுப்புக்கும் நடுவே இருப்பது ஒரு மரத்தட்டி. அதிலும் ஒரு பலகை பெயர்ந்து போய், தலையை நுழைக்கும் அளவுக்குச் சந்து விழுந்திருக்கிறது. அவர் வெளியே போனால் இரண்டு வகுப்பும் என் தலையில்தான் விடியும். சந்து வழியே முகத்தை நீட்டி ஓர் அதட்டல் போடுவேன். என் வகுப்பு அடங்கும், அவர் வகுப்பு சிரிக்கும். உடம்பில்லாத தலை அதட்டினால் யார்தான் பயப்படுவார்கள்?

"உங்களைப் பத்திப் பத்திரிகைக்கு எழுதப் போறேன் டீச்சர்" என்றதும், "எழுதுங்க சார், என் உயரத்தை மட்டும் விட்டுடுங்க" என்றார். ஆகவே அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். டீச்சர் குள்ளம். கடைசி பெஞ்சுப் பிள்ளைகளோடு நின்றால் எண்ணிக்கையில் ஒரு பிள்ளை கூடும், அவ்வளவுதான். கரும்பலகையின் மேல்பகுதி அவருக்குக் கிடைத்ததே இல்லை. போன வருடம் இருந்த ஆசிரியர் எழுதிய தேதி இன்னும் அங்கே அழியாமல் இருக்கிறது. புதிதாகப் பிள்ளை சேர்க்க வந்த ஓர் அப்பா, "பாப்பா, டீச்சரைக் கூப்பிடு" என்று இவரிடமே சொல்லியிருக்கிறார். "இதோ வரச் சொல்றேன்" என்று உள்ளே போன டீச்சர், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "சொல்லுங்க, என்ன விஷயம்?" என்றார்.

பெரிய சார் என்பது எங்கள் தலைமையாசிரியர். அவர் கூப்பிடுவது பாடம் பற்றிப் பேச என்று நினைத்தால் நீங்கள் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை என்று பொருள். வீடு வீடாகப் போய் ஆள் கணக்கெடுக்க வேண்டும். பிள்ளைகளை எடை போட வேண்டும். அவர்கள் கை கழுவுவதைப் படம்பிடித்து மேலே அனுப்ப வேண்டும். படத்தில் சோப்பு சரியாகத் தெரியவில்லை என்று பதில் வந்தால், கழுவிய கையையே மறுபடி கழுவ வைத்துப் பிடிக்க வேண்டும். செல்போனுக்கு சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். எங்கள் டீச்சரை அங்கே, கையை உயரத் தூக்கிக்கொண்டு, குதிகாலை எக்கி நிற்கும் கோலத்தில் அடிக்கடி பார்க்கலாம். ஒருமுறை தெருநாய்களை எண்ணச் சொன்னார்கள். திரும்பி வந்தவரிடம் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன்.

"நாய்ங்க பரவாயில்ல சார். எதுவும் என்னப் பாத்து 'உங்களுக்கென்ன, லீவு மேல லீவு'ன்னு சொல்லல."

அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது. அவருடைய நாத்தனார் வரும்போதெல்லாம், "கொடுத்து வச்சவ நீ. உக்காந்துக்கிட்டே சம்பளம்" என்பாராம். டீச்சரும் விடமாட்டார். "ஆமா அண்ணி, உக்கார நாற்காலி வந்ததும் மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும்னு இருக்கேன்."

ஆசிரியர்களுக்கு நன்றி சொல்ல ஒரு விழாவும் நடந்தது. நாற்காலி போட்டது நாங்கள், பந்தல் துணி கட்டியது நாங்கள், வந்த விருந்தினர்களுக்குத் தேநீர் கொடுத்ததும் நாங்களே. மேடையில் எங்களை ஏணி என்றார்கள், விளக்கு என்றார்கள். டீச்சர் என் காதில், "மனுஷின்னு யாராவது சொல்லுவாங்களான்னு பாக்குறேன் சார்" என்றார். மறுநாள், நாங்கள் நன்றி பெற்றுக்கொண்டதற்கு ஆதாரமாக ஆளுக்கொரு படம் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. டீச்சர் தொட்டிப் பக்கம் போனார்.

இத்தனைக்கும் சிரித்தவர் ஒரே ஒரு நாள் ஆடிப்போனார். அன்று ப்யூன் அண்ணன் வரக் கொஞ்சம் தாமதம். "பாதியில பாதி என்ன?" என்று கேட்டுவிட்டு டீச்சர் காத்திருந்தார். முன் பெஞ்சில் ஒற்றைச்சடை போட்ட பெண் எழுந்து நின்று, தெரிந்த பதிலைத் தெளிவாகச் சொன்னாள்.

"நீங்க போயிடுவீங்க டீச்சர்."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். பிறகு தட்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, என் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். "நான் போறதையே விடைன்னு கத்துக்கிச்சு சார் அது. எனக்கு விருது வேணாம், விழா வேணாம். ஒரே ஒரு பீரியட், முழுசா வேணும்." நான் திரும்பி, சும்மா இருந்த என் பிள்ளைகளை அதட்டினேன்.

அந்த வாரமே, வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருகிறார், ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு கேட்பார் என்று தகவல் வந்தது. பிள்ளைகள் விழித்தால் டீச்சர் விளக்கம் எழுதித் தர வேண்டும். "அதுக்கும் ஒரு பீரியட் போயிடும்" என்றார் டீச்சர்.

வியாழக்கிழமை காலை மூக்குக் கண்ணாடி இல்லாமல், பிள்ளைகளின் சீருடை நிறத்திலேயே ஒரு நீலச் சேலையில் வந்தார். முகத்தில் ஒரு விஷமம். "சார், இன்னிக்கு நான் வகுப்புல இல்ல. யார் கேட்டாலும் கணக்கெடுக்கப் போயிருக்கேன், சரியா?" என்றவர் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில், தூணை ஒட்டிய இருட்டில், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். சடையை முன்னால் போட்டுக்கொண்டார்.

கரும்பலகைக்கு முன்னால் ஒற்றைச்சடை, கையில் அட்டை. டீச்சரின் மடியில் இன்னோர் அட்டையும் கத்தரிக்கோலும். நான் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டேன். நான் அதட்டாமலே என் வகுப்பும் காதைத் தீட்டிக்கொண்டது.

"மடி" என்றது பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு. "இன்னொரு தடவ மடி. இப்ப பிரி. எத்தன துண்டு?"

"நாலு!"

"மெதுவா!"

"நாலு" என்றது வகுப்பு, மூச்சுக் காற்றில்.

"அதுல ஒண்ணு?"

"கால்."

வாசலில் ப்யூன் அண்ணனின் தலை. "எங்க உங்க டீச்சரு?"

"கணக்கெடுக்கப் போயிருக்காங்க!" இதை மட்டும் முழுக் குரலில் கத்தினார்கள்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு என் வகுப்பு வாசலுக்கு வந்தார். "எந்தத் தெரு சார்?"

"எல்லாத் தெருவும்தான்" என்றேன். பொய் சொன்னதில் எனக்கு ஒரு துளி வருத்தம்கூட இல்லை.

பாடம் தொடர்ந்தது. கால் காலாக நான்கு துண்டு, முக்கால், மறுபடி முழுசு. இத்தனை வருடத்தில் அந்தத் தட்டிக்கு அந்தப் பக்கம் இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. பீரியட் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்போது வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரிய சாரும், அவருக்கு முன்னால், ஒருநாள் முன்கூட்டியே வந்துவிட்ட கல்வி அதிகாரியும்!

வகுப்பு எழுந்து நின்றது. கடைசி பெஞ்சும் எழுந்து நின்றது. எல்லாத் தலைகளும் ஒரே மட்டத்தில்தான் இருந்தன.

"டீச்சர் இல்லையா?" என்றார் அதிகாரி.

"கணக்கெடுக்கப் போயிருக்காங்க சார்" என்றார் பெரிய சார், ப்யூன் அண்ணன் சொன்னதை நம்பி.

அதிகாரி பிள்ளைகளை உட்காரச் சொன்னார். ஒற்றைச்சடையைப் பார்த்து, "நீ சொல்லும்மா. பாதியில பாதி என்ன?" என்றார்.

"கால் சார்."

"அட! டீச்சரே இல்லாம பிள்ளைங்க என்ன அருமையாப் படிக்கிறாங்க பாத்தீங்களா?" அதிகாரி பெரிய சார் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தம்மாவை முழு நேரமா வெளி வேலைக்கே போட்டுடலாமே. இங்க அவங்க எதுக்கு?"

"தாராளமா சார்" என்றார் பெரிய சார்.

பலகையை உடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பாயலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. கடைசி பெஞ்சில் ஒரு தலை இன்னும் கீழே குனிந்தது.

வாசல்வரை போன அதிகாரி திரும்பினார். "கடைசியா ஒண்ணு. கால்ல பாதி என்ன?"

பாடம் அதுவரைக்கும் போய்ச் சேரவில்லை.

"யாருக்குமே தெரியாதா?"

ஒற்றைச்சடை கடைசி பெஞ்சைப் பார்த்தாள். ஒன்றன்பின் ஒன்றாக வகுப்பே திரும்பி அங்கே பார்த்தது.

தூணின் நிழலிலிருந்து ஒரு கை மேலே வந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உயர்வது போல எக்கி உயர்ந்தது. வளையல்கள் முழங்கைக்குச் சரிந்தன. விரல்களுக்கு நடுவில், அப்போதுதான் கத்தரித்த, அட்டையின் ஆகச் சிறிய துண்டு.