சரக்கை ஒளித்து வைக்காத பத்மா அக்கா

அன்று காலை என் ஹார்ட்வேர் கடை வாசலில் சிமெண்ட் லோரி நின்றிருந்தது. மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "தவுக்கே, அம்மா போயிட்டாங்க" என்றார் பத்மா அக்காவின் மகன் செல்வம். கடை முதலாளி என்பதால் கம்பத்தில் எல்லாருக்கும் நான் தவுக்கேதான். லோரியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினேன். வேலை நாளில் கதவை மூடுகிற ஆள் இல்லை நான். அக்காவுக்காக மூடியதில் எனக்குப் பெருமைதான்.

கிள்ளான் ஆற்றோரக் கம்பத்துக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவுக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. தினமும் ரயிலில் போய்வருவார். நானும் அவரும் அதே கம்பத்தில் பிறந்தவர்கள். கம்பத்துக்குப் பின்னால் இருந்த ரப்பர் தொழிற்சாலையின் கழிவு, எங்கள் வீடுகளுக்கு முன்னால் ஓடிய லோங்காங்கில்தான் விழும். கடல் ஏறும் நாள்களில் அந்தச் சாக்கடை வீட்டுக்குள் வந்து கட்டில் காலை நனைக்கும். பிள்ளைகளின் காலில் புண் ஆறவே ஆறாது. தொகுதிக்காரரிடம், அதாவது நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவரிடம், மனு கொடுத்தோம். ஒரு பெட்டி பினாயில் கொடுத்து, மாலையோடு படமும் எடுத்துக்கொண்டு போனார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தொழிற்சாலைக் கழிவால் பாதிக்கப்பட்ட குடியிருப்புகளுக்கு, சுற்றுச்சூழல் நீதி என்ற பெயரில் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை மானியம் தருவதாகவும், அதற்குப் பங்சாரில் அலுவலகம் இருப்பதாகவும் அக்கா விசாரித்துக்கொண்டு வந்தார். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். கம்பத்தில் பாதிப் பேருக்கு அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை. முனியாண்டி அண்ணன் எழுந்து கத்தினார்.

"ஏம்மா, கம்பெனிய மூடிட்டா நீ வந்து சோறு போடுவியா?"

"மூடச் சொல்லி யாரு அண்ணே எழுதப் போறா? தண்ணிய சுத்தம் பண்ணி வுடச் சொல்லித்தான் எழுதறேன். நமக்கு வேலையும் வேணும், மூக்கும் வேணும்லா."

மண்டபமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். விண்ணப்பத்துக்குக் கையெழுத்து மட்டும் போடவில்லை.

தண்ணீரைச் சோதிக்க, லோங்காங்கை உயர்த்திக் கட்ட, வழக்கறிஞர் வைக்க என்று அக்கா விண்ணப்பம் தயாரித்தார். 'கருணை கூர்ந்து' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "இது பிச்சை கேக்கற மனு இல்ல தவுக்கே. என்ன பட்டோம், என்ன செய்யப் போறோம். அவ்வளவுதான்" என்று மறுத்துவிட்டார்.

அதிகாரிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் நம் மக்களால் சும்மா இருக்க முடியுமா? தொகுதிக்காரர் வந்தபோது செய்ததையே செய்தோம். என் கடையிலிருந்து பலகைகள் போயின, லோங்காங்கை மூடினோம். சுண்ணாம்பு தூவி, பினாயில் ஊற்றி, பந்தல் போட்டு, மாவிலைத் தோரணமும் கட்டினோம். மருந்துக்குக்கூட நாற்றம் இல்லை. கோயிலிலிருந்து திரும்பிய அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு வேலை இது?"

"நான்தாங்க்கா. சரக்க அழகா அடுக்கி வெச்சாத்தானே கஸ்டமர் வாங்குவான்?"

"நம்ம சரக்கே நாத்தம்தான் தவுக்கே. அத ஒளிச்சு வெச்சிட்டு எத விக்கப் போறீங்க?"

பக்கத்தில் நின்ற ஒரு பெண் தயங்கினார். "வெளியாளுங்க முன்னால நம்ம மானம் போயிடும்க்கா."

"கழிவ வுட பைப்பு வெச்சவனுக்குப் போகட்டும். நமக்கு ஏன் போகுது?"

யாரும் அசையவில்லை. கடைசியில், கையெழுத்துப் போடாத முனியாண்டி அண்ணன்தான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பலகையைத் தூக்கினார். பிறகு எல்லாரும் இறங்கினோம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பைக் கழுவி விட்டோம். அதிகாரிகள் வந்தபோது கடல் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. வீடு வீடாக நடத்திக் கூட்டிப்போனார், அவ்வளவுதான். ரோஸ் சிரப் தண்ணீரை வாய்வரை கொண்டுபோன ஓர் அதிகாரி, குடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் இங்கேயா சாப்பிடுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "தினமும்" என்றார் அக்கா.

மானியம் கிடைத்தது. சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கறிஞர் பேசிய பிறகு, தொழிற்சாலை கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தொட்டி கட்டியது. லோங்காங் உயர்ந்தது. கம்பெனி மூடவில்லை. முனியாண்டி அண்ணன் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அக்காவின் பாடையைத் தூக்க வந்தவர்களில் பாதிப் பேர் அந்தத் தொழிற்சாலைச் சட்டையோடு வேலையிலிருந்து நேராக வந்தவர்கள். அந்தக் காட்சியை அக்கா பார்த்திருக்க வேண்டும்.

வியாபாரத்தில் என் ஓட்டையை அடுத்தவன் பார்த்துவிடக் கூடாது என்றே வளர்ந்தவன் நான். இன்று எந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாலும், எங்கள் குறையைச் சொல்ல எனக்குக் கூச்சம் வருவதில்லை. அக்கா எனக்கு விட்டுப்போனது அதுதான். விலை வைக்காமல் நான் கொடுக்கிற ஒரே பொருளும் அதுதான். வேண்டியவர்கள் கடைக்கு வாருங்கள்.