பயணத்தில் இருப்பவர்களுக்காக

1966-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2-ஆம் தேதி, புதன்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். பகல் முழுக்கப் பெய்த மழை கால்மணி நேரத்துக்கு முன்புதான் விட்டிருந்தது. கிழக்கே வானம் இன்னும் கறுத்துக் கிடந்தது. காற்றில் ஈரம் இருந்தது. காரைக்குடிக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இருந்த பெரிய சிலுவையின் அடியில் என் மதினி ஒரு மெழுகுதிரியை நட்டார். நட்டுவிட்டு, அதைப் பற்றவைக்காமலே எழுந்து நின்றார்.

அன்று கல்லறைத் திருநாள். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் அன்றைக்கு எல்லோரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, திரி ஏற்றுவோம். வேறு ஊரில் இறந்து இங்கே கல்லறை இல்லாமல் போனவர்களுக்குப் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவது வழக்கம். அங்கே அப்போது நாற்பத்தாறு திரிகள் எரிந்துகொண்டிருந்தன. எண்ணாமல் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. எண்ணிக்கொண்டிருக்கும்வரை கெட்டது எதுவும் நடக்காது என்று சின்ன வயதிலேயே எனக்குள் ஓர் எண்ணம் புகுந்துவிட்டது. இந்த வயதிலும் அது வெளியே போகவில்லை. நாற்பத்தேழாவது திரி எரியவில்லை. அது என் அண்ணனுக்காக நட்டது.

பக்கத்தில் நின்ற, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “ஏத்தா, தீப்பெட்டி நமத்துப் போச்சா? இந்தா, என்னுது இருக்கு. ஒரு குச்சிக்கெல்லாம் காசு கேக்க மாட்டேன்” என்றார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார்.

“நெருப்பு இருக்குக்கா. சேதிதான் இல்லை.”

அவர் சொன்னது சரியான கணக்கு. அண்ணன் ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதப் போனவர். கல்யாணமாகி ஏழு மாதம் மதினியோடு இருந்துவிட்டுக் கப்பலேறினார். மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. அறுபத்து நாலில் பர்மா அரசாங்கம் கடைகளையும் ஆலைகளையும் எடுத்துக்கொண்டது. நம் ஆட்கள் கையில் ஒரு பெட்டியோடு கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்து இறங்கினார்கள். எங்கள் தெருவிலேயே மூன்று பேர் வந்துவிட்டார்கள். அண்ணன் வரவில்லை. கடிதமும் நின்றுபோனது. நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். கப்பல் வரும் நாளையெல்லாம் பத்திரிகையில் பார்த்து வைத்துக்கொண்டு, நான்கு முறை லீவு போட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குப் போய் நின்றேன். இறங்கியவர்கள் முகத்தை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அண்ணன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது எங்கள் வீட்டில் வெறும் துக்கமாக மட்டும் இருக்கவில்லை. எங்கள் விசுவாசத்தில் அதற்குள் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒருவர் இறந்துபோயிருந்தால் அவர் ஆத்துமா மோட்சம் சேரும்முன், பாவம் எரிந்து தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்துக் கிடக்கும். இங்கே இருப்பவர்கள் வேண்டிக்கொண்டால்தான் அதற்குச் சீக்கிரம் விடிவு. ஆகவே இறந்தவருக்கு வேண்டாமல் இருப்பது பெரிய கொடுமை. உயிரோடு இருப்பவரை இறந்தவர் வரிசையில் வைத்து வேண்டுவதோ வாயில் வரக்கூடாத அபசகுனம். அம்மா இரண்டுக்கும் நடுவே அரைபட்டுக்கொண்டிருந்தார். “எம்புள்ள அங்குட்டுக் கிடந்து வேகுதோ என்னமோ, அவனுக்குன்னு ஒரு பரலோக மந்திரம் சொல்ல நாதியில்லை” என்று சாப்பாட்டுக்கு முன் அழுவார். சாப்பிட்டு முடித்ததும், “நல்லா இருக்கிறவனை நானே கொன்னுட்டேனே” என்று அழுவார். நான் அம்மாவைவிட மோசம். அழவும் மாட்டேன், தூங்கவும் மாட்டேன். சேதி இல்லாத நாட்களை எண்ணிக்கொண்டிருப்பேன். அத்தனை நாட்களும் அண்ணன் வேண்டுதலில்லாமல் கிடந்திருந்தால் என்று நினைப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

மதினி மட்டும் தூங்கினார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்ததுண்டு. பகலெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்து செட்டியார் வீட்டு ஆச்சிமார்களுக்கு ரவிக்கை தைப்பார். கால் மிதித்துக்கொண்டிருக்க, உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும். நூல் அறுந்தால் ஜெபமும் நிற்கும், நூல் கோத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். பத்துப் பத்து மணியாகக் கோத்த ஜெபமாலையை இரவில் கையில் எடுத்தால் மூன்றாவது பத்தைத் தாண்டமாட்டார்; மாலை விரலில் சுற்றியபடி உறங்கிப்போவார். அது என்னை உறுத்தியது. ஐம்பத்து மூன்று மணியில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை எப்படி விடலாம் என்று ஒருநாள் காலையில் கேட்டேவிட்டேன்.

“மிச்சத்தைக் காவல் சம்மனசு முடிச்சிரும் தம்பி. அதுக்குத்தானே அதைக் கூட வச்சிருக்காக” என்றார். ஒவ்வொருவருக்கும் துணையாக ஒரு வானதூதர் உண்டு என்பது எங்கள் நம்பிக்கை. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, “அத்தை, ராத்திரி நாய் எத்தனை தடவை குரைச்சுச்சுன்னு ஒங்க மகன்கிட்டக் கேளுங்க, சரியாச் சொல்லுவாக” என்றார். அம்மா சிரித்துவிட்டார். எனக்கு முகம் சிவந்தது. மதினி என் தட்டில் இன்னொரு இட்லியை வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “எல்லாத்துக்கும் நீங்களே கவலைப்பட்டுட்டா சர்வேசுரனுக்கு என்ன வேலை? கொஞ்சத்தை அவருக்கும் விட்டு வையுங்க.”

அவருக்குக் கவலை இல்லை என்று அதற்கு அர்த்தமல்ல. தபால்காரர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டால் மிஷின் நின்றுவிடும். சைக்கிள் எங்கள் வாசலைக் கடந்து போனதும் மறுபடி ஓடத் தொடங்கும். இடையில் உள்ள அந்த நேரத்தை நான் மட்டும்தான் அறிவேன்.

அந்தக் கல்லறைத் திருநாளில் திரியை நடச் சொன்னது அம்மா. இரண்டு வருஷம் பொறுத்தாயிற்று, இனியாவது ஏற்று என்று மன்றாடினார். மதினி அம்மாவின் மனத்தை நோகடிக்காமல் நட்டார். தன் மனத்துக்கு மாறாகப் பற்றவைக்கவும் இல்லை. வீடு திரும்பும்போது அம்மா எங்களுக்கு முன்னால் தனியே நடந்தார். அந்தி மணி அடித்ததும் இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் மூவரும் முழந்தாளிட்டோம். குடும்ப ஜெபத்தை எப்போதும் மதினிதான் நடத்துவார். பாப்பரசருக்காக, நோயாளிகளுக்காக, மழைக்காக என்று ஒவ்வொரு கருத்தாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பரலோக மந்திரம். அன்றைக்கு, இறந்தவர்களுக்கான வேண்டுதலுக்கு முன்னால், அதுவரை எங்கள் வீட்டில் சொல்லியிராத ஒன்றைச் சொன்னார்: “பயணத்தில் இருப்பவர்களுக்காக.” அதன்பின் அண்ணனின் பெயரைச் சொன்னார்.

அம்மா ஜெபத்தின் நடுவிலேயே கேட்டார்: “பயணமா? எங்குட்டுப் பயணம்?”

“எங்குட்டா இருந்தா என்ன அத்தை? கப்பல்ல வந்தாலும் பயணம்தான், உத்தரிக்கிற ஸ்தலத்துலேருந்து மோட்சத்துக்குப் போனாலும் பயணம்தான். நாம அனுப்புறதை அனுப்புவோம். எங்குட்டுச் சேக்கணும்னு வாங்குறவருக்குத் தெரியும்.”

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். ஆனால் அது பழைய அழுகை இல்லை. எழுந்ததும், “பசிக்குது, சோத்தைப் போடு” என்றார். பங்குச் சாமியாரிடம் நான் மறுநாள் போய், இப்படி வேண்டுவது செல்லுமா என்று கேட்டேன். அவர், “நான் படித்த புத்தகத்தில் இல்லை. ஆனால் செல்லும்” என்றார். அதன்பிறகு நாள் எண்ணுவதை விட்டேன் என்று சொன்னால் பொய். எண்ணினேன், ஆனால் ஒரு தடவையோடு நின்றது. எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பாரத்தை இறக்கி வைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அந்த ஒரு மாலையில்தான்.

எழுபதாம் வருஷம் சித்திரை வெயிலில் ஒரு பாய் என் அலுவலகத்தைத் தேடி வந்தார். எங்கள் பக்கத்துக்காரர், பர்மாவில் துணி வியாபாரம் செய்து, கடைசியாகத் திரும்பியவர்களில் ஒருவர். என்னை மரத்தடிக்கு அழைத்துப் போனார். “ஒங்க அண்ணன் பர்மாவுல மோல்மேன்ங்கிற ஊர்ல இருக்காக தம்பி. உசுரோட, நல்லா இருக்காக” என்றார். வீட்டில் சொல்ல அப்போதே திரும்பினேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மீதியையும் சொன்னார். அங்கேயே ஒரு பர்மாப் பெண்ணோடு குடும்பமாகிவிட்டது. இரண்டு குழந்தைகள். ஒரு டீக்கடை. அதன் விலாசம் எழுதிய தாளை என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, “அல்லா மேல ஆணை, இதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. சொல்லாமப் போகவும் மனசு வரலை” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலையே மதினியிடம் சொன்னேன். அவர் ஒரு ரவிக்கைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தார். “பிள்ளைக ரெண்டும் ஆணா பொண்ணா?” என்றார். எனக்குத் தெரியவில்லை, பாயிடம் நான் கேட்கவில்லை. “ஞானஸ்நானம் குடுத்திருப்பாகளா?” அதுவும் தெரியவில்லை. நான் ஆத்திரத்தோடு, வரச் சொல்லி இப்போதே எழுதுகிறேன் என்று எழுந்தேன்.

“எழுதாதீக. ரெண்டு பிள்ளைகளோட அப்பனை நான் கூப்பிட மாட்டேன்.”

அன்றைக்கு ஜெபத்தை அம்மா நடத்தினார். அடுத்த பதினொரு நாளும் அம்மாதான் நடத்தினார். மதினி பின்னால் உட்கார்ந்திருந்தார், உதடு அசையவில்லை. அதிகாலைப் பூசைக்குப் போய், பூசை முடிந்து எல்லோரும் போன பின்பும் மாதா பீடத்தின் முன் தனியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அழைத்துவரப் போனபோது, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“இத்தனை வருஷமா நான் கேட்டது உசுரைத்தான் தம்பி. குடுத்துட்டாக. திரும்பி வரணும்னு நான் கேக்கவே இல்லை. அதையும் கேட்டிருக்கணுமோ?”

அவரே எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, “சரி, வாங்க. ஆச்சி ரவிக்கைக்கு ஆள் அனுப்பிருவாக” என்றார். அன்று மாலை அவரே ஜெபத்தைத் தொடங்கினார். பயணத்தில் இருப்பவர்களுக்காக என்று வந்தபோது அண்ணனின் பெயரைச் சொன்னார். பிறகு, “அவரோட பிள்ளைகளுக்காகவும்” என்று சேர்த்துக்கொண்டார். உடனே அடுத்த வேண்டுதலுக்குப் போனார்.

இப்போது அந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவனோடும் முகம் பார்த்துப் பேசலாம் என்று பக்கத்து வீட்டார் கைப்பேசியைக் காட்டுகிறார்கள். பேச வேண்டியவர்கள்தான் இல்லை. ஜெபமாலையை எடுத்தால் ஐம்பத்து மூன்று மணியையும் எண்ணி முடித்துவிட்டு விழித்தே கிடக்கிறேன். மூன்றாவது பத்தில் விட்டுவிட்டு உறங்கிப்போக வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை! மீதியை ஒருவர் முடிப்பார் என்று நம்பி விடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அது மதினியிடம் இருந்தது, என்னிடம் இல்லை. சிலநாள் அந்தியில் மிஷின் ஓடும் சத்தம் கேட்பதுபோல் இருக்கும். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மதினி எழுபத்தேழாம் வருஷம் ஆகஸ்டு மாதம் மஞ்சள் காமாலையில் போனார். கடைசிவரை நினைவு இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் காலை, பாய் தந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போனேன். கடிதம் போட்டால் போதாதா என்று அம்மா கேட்டார். கடிதம் போய்ச் சேர வாரக்கணக்காகும், போகாமலும் போகலாம். அண்ணன் மதினிக்காக வேண்டுகிறவரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. வேண்டுகிறவராக இருந்தால், எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் ஒருநாள்கூடத் தவிக்கக் கூடாது. அந்தத் தவிப்பு என்னவென்று நாங்கள் அறிவோம்.

உங்கள் மனைவி இறந்துவிட்டார் என்றும், கடைசி மாலைவரை உங்கள் பெயரையும் உங்கள் பிள்ளைகளையும் சொல்லி வேண்டினார் என்றும் எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா பேனாவால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு வந்தார். “பர்மாவுக்குச் சொல்லுக்கு இவ்வளவுன்னு ஆகும் சார். முதல் வரி போதுமே? மிச்சத்தை வெட்டிரலாம்” என்றார்.

“வெட்டாதீக” என்றேன்.

விலாசத்தையும் சேர்த்து இருபத்திரண்டு சொல். ஐம்பத்தேழு ரூபாய் இருபது காசு.