சாமோ சொன்னால் எவள் நம்புவாள்

என் நாத்தனார் ரஸ்மதா வாகதூகு நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் பயறு வடை விற்கிறவள். சட்டியை இறக்கிய கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாதி ஊரைச் சுற்றி வருவாள். பின்னால் இருப்பவர் விழுந்துவிட்டால்கூட அடுத்த முக்கு திரும்பிய பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

மோசி இனத்துக்காரர்களான எங்களுக்கும் சாமோ இனத்துக்காரர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி உறவு. எங்கே பார்த்தாலும் ஒருவரையொருவர் அடிமை என்போம், திருடன் என்போம். கோபப்பட்டவர் தோற்றவர். ரஸ்மதா இதில் தோற்று நான் பார்த்ததில்லை. மழை பெய்கிறது என்று ஒரு சாமோ சொன்னால், நனைந்துகொண்டே பொய் என்பாள்.

அவள் மகன் நூஃபு போயும் போயும் தூகான் பக்கத்துச் சாமோப் பெண்ணை விரும்பினான். கோலாக்கொட்டை கொண்டுபோய்ப் பெண் கேட்க வேண்டும். முதலில் குறித்த நாளில் எங்கள் ஆட்கள் போகவில்லை. இந்த வெள்ளிக்கிழமையும் வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று பெண்ணின் தகப்பன் பாரே சொல்லியனுப்பிவிட்டார். போக வேண்டியவர் ரஸ்மதாவின் கொழுந்தனார். அவர் முந்தின நாள் காய்ச்சலில் படுத்துக்கொண்டார். பஸ்ஸில் இடமில்லை.

"கோலாவை மடியில வச்சுக்கிட்டு ஏறி உக்காரு" என்றாள் என்னிடம்.

வழியில் யாக்கோ ஊர் வரை ஒரு தொந்தரவும் இல்லை. அங்கே பாட்டில் பெட்ரோல் வாங்கி ஊற்றினோம். டாங்க் மூடியின் ரப்பர் தேய்ந்து போய், அவளுடைய புதுத் துணியில் பெட்ரோல் தெறித்தது. சம்பந்தி வீட்டுக்குப் பெட்ரோல் நாற்றத்தோடு போவதா? பிளாஸ்டிக் பையை நாலாக மடித்து உள்ளே வைத்து மூடியை இறுக்கித் திருகினாள்.

செம்மண் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இருமி நின்றது. டாங்கைத் திறந்து பார்த்தோம். பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு ஸ்டார்ட்டரை உதைத்தாள். கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. திறந்து பார்த்தோம், இருந்தது. கிளம்பியது.

கழுதை வண்டியில் வந்த ஒருவர் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். அவ்வளவையும் கொட்டிவிட்டு வேறு வாங்கினோம். நின்றது. ஒரு வாத்தியார் கார்புரேட்டரில் தூசி என்று குழாயைக் கழற்றி வாய் வைத்து ஊதினார். ஓடியது. நன்றி சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் நின்றது. எது சரி செய்கிறது, எது கெடுக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை.

"அவருக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலையோ என்னமோ" என்றாள் ரஸ்மதா. செத்துப்போன புருஷனைத்தான் சொன்னாள்.

"அவருக்குப் பிடிக்கலைன்னா வண்டி மறுபடி ஏன் ஓடணும் அண்ணி?"

"உயிரோட இருந்தப்பவும் அவர் அப்படித்தான். முடியாதும்பார், அப்புறம் சரிம்பார்."

உருட்டிக்கொண்டே ஒரு மெக்கானிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தோம். அவன் தோயே என்ற சாமோ.

"வீட்டுப் பேரு என்னம்மா?"

"நிக்கியெமா."

மோசிப் பெயர் என்று தெரிந்ததும் கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டுக் கைதட்டினான். "அடடா, ஓடிப்போன என் அடிமை தானாவே திரும்பி வந்துட்டாளே!"

"நாய்த்தலை தின்னி! உன் தாத்தனை எங்க தாத்தா ஒரு சட்டிக் கஞ்சிக்கு வாங்கினாரு. வாயை மூடிக்கிட்டு வண்டியைப் பாரு."

அவன் மூடியைத் திறந்தான். உஸ்ஸென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக்கைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"வண்டில ஒண்ணும் கெடலை. மூடில இருக்கிற காத்து ஓட்டையை அடைச்சு வச்சிருக்கே, மூச்சு முட்டுது அதுக்கு. மோசிப் பொம்பளை கழுத்தை நெரிச்சா பாவம் என்ன பண்ணும்? இதைத் தூக்கி எறி."

"இரும்பு மூச்சு விடுதாம்! எறிஞ்சுட்டு நான் பெட்ரோல்ல குளிச்சுக்கிட்டுப் போகணும், நீ பாத்து சிரிக்கணும், அதானே?"

"சத்தியமா சொல்றேன்."

"சாமோ சத்தியம்!"

பிளாஸ்டிக்கைப் பிடுங்கித் திரும்ப உள்ளே வைத்து, மூடியைத் திருகி உதைத்தாள். கிளம்பியது. "பாத்தியா?" என்று அவனைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனாள். நானும்தான் சிரித்தேன்.

வெயில் சாயும்போது வண்டி நின்றது. திறந்தாள். உஸ்.

"அண்ணி, அது மூச்சுதானே விடுது?"

ரஸ்மதா பிளாஸ்டிக்கை எடுத்து முள்ளுக்குள் வீசினாள். அதற்குப் பிறகு வண்டி எங்கும் நிற்கவில்லை. அவளுக்குத்தான் ஆறவில்லை. வழியெல்லாம் காற்றில் கத்திக்கொண்டு வந்தாள். "ஒரு சாமோ எங்கிட்ட எதுக்குடி நிஜத்தைச் சொல்லணும்? இது என்ன முறை?"

இருட்டுகிற நேரத்தில் பாரே வீட்டு முற்றத்தில் இறங்கினோம். புதுத் துணி முழுக்கப் புழுதியும் பெட்ரோலும். பாரே பாயிலிருந்து எழவேயில்லை.

"கோலாவா? காலையிலிருந்து காத்திருந்தோம். சாயங்காலம் வேற ஒருத்தர் வந்தாங்க. பொண்ணைக் குடுத்தாச்சு."

வேறொரு நாளாக இருந்தால் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள். ஆனால் அன்று ஒரு சாமோ நிஜத்தைச் சொல்லிப் பார்த்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? கோலாப் பையோடு தரையில் உட்கார்ந்தவள் முந்தானைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

முற்றமே சிரிப்பில் வெடித்தது. "மோசி அழுதுட்டா! ஏய், எல்லாரும் வாங்க, மோசி அழுதுட்டா!" பெண்கள் ஓடி வந்து அவளைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். பாரே கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பையிலிருந்து ஒரு கோலாவை எடுத்துப் பிளந்து எல்லாருக்கும் கொடுத்தார். கோலாவைப் பிளந்துவிட்டால் சம்மதம்.

தன் கோலாத் துண்டை ரஸ்மதா வாயில் போடவில்லை. என் காதருகே குனிந்தாள்.

"நீ உள்ள போய்ப் பொண்ணு இருக்காளான்னு கண்ணால பாத்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் அடுப்படியில் களி கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, "இருக்கா அண்ணி" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அதற்குப் பிறகுதான் கோலாவைக் கடித்தாள்.